இடது இறக்கையின் ஐந்தாவது கோடு

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஷென் கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். பெய்ஜிங்கில் விடியற்காலை ரயிலேறி, அப்புறம் பஸ் மாறி, கையில் ஒரு பை ஆரஞ்சோடு வந்து சேர்ந்திருந்தான். வந்த வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றும், இரண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்றும் வாசலிலேயே சொல்லிவிட்டான். மெங் ஷூயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தை ஒரு முறை படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகு பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டாள்.

"ஏன் டீச்சர், பேனா எழுதலையா?" என்று தன் பேனாவை எடுத்து நீட்டினான் அவன்.

ஷூயா தன் வாழ்நாளில் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. பெய்ஜிங்காரர்களுக்கு யாரைப் பார்த்தாலும் டீச்சர்தான், விட்டால் அருங்காட்சியகத்து வாட்ச்மேனையும் டீச்சர் என்பார்கள். அவள் அந்தச் சிற்றூர் அருங்காட்சியகத்தின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாகக் கல் சுரண்டிக்கொண்டிருக்கிறவள். சுற்றுவட்டார மலைகளில் விவசாயிகள் பெயர்த்துக் கொண்டுவரும் பலகைக்கற்களை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, ஊசி முனையால் மயிரிழை மயிரிழையாகக் கல்லை நீக்கி, உள்ளே இருக்கிற எலும்பையும் இறகையும் வெளியே கொண்டுவருவது அவள் வேலை. அந்த ஊரில் கல்லுக்குள் மீன் ஏராளம், அதை யாரும் சீந்துவதில்லை. பறவை வந்தால்தான் பெய்ஜிங்கிலிருந்து ஆள் வரும்.

ஷென் கே வந்திருந்ததும் ஒரு பறவைக்காகத்தான். காக்கை அளவு இருக்கும். பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஏரியில் விழுந்து, இடது இறக்கையை முழுசாக விரித்தபடி சேற்றில் படிந்துபோன பறவை. இந்தக் காலத்துப் பறவைகளுக்கு இறக்கையில் நீண்ட இறகுகள் ஒரே வரிசைதான், அவற்றின் அடிப்பக்கத்தை மூடுகிற இறகுகள் குட்டையாக இருக்கும். அந்தக் காலத்துப் பறவைக்கு அப்படி இல்லை, நீண்ட இறகுகளின் மேலேயே கிட்டத்தட்ட அதே நீளத்தில் இன்னொரு வரிசை, ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்கினதுபோலப் படிந்திருந்தது என்பது ஷென் கேயின் கட்சி. கல்லில் எல்லாம் நசுங்கி ஒரே தளமாகிவிட்டதால் எது மேல் இறகு, எது கீழ் இறகு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இறகுகளின் நடுத்தண்டு பதிந்த கோடுகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இந்த இறக்கையில் தடித்த கோடுகளுக்கு இடையிடையே மெல்லிய கோடுகள் ஏழு இருந்தன. அந்த ஏழும்தான் மேல்வரிசை இறகுகள் என்று ஷென் கே ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தான்.

கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரு குடைச்சல்காரர் போலிருக்கிறது. ஏழு கோடுகளின் இடைவெளி ஒரு சீராக இல்லை, நடுவில் இரண்டு கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, இவை இறகுகள்தானா அல்லது கல்லைச் சுத்தம் செய்தவரின் ஊசித் தடங்களா என்று எழுதிக் கேட்டுவிட்டார். சுத்தம் செய்தவர் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும். 'இடது இறக்கையில் தெரியும் ஏழு கோடுகளும் இயற்கையானவை, கருவியால் ஏற்பட்டவை அல்ல.' இவ்வளவுதான் காகிதத்தில் இருந்தது. இதுபோல எத்தனையோ காகிதத்தில் ஷூயா டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"இந்த இறக்கையைப் பத்தி எனக்குத் தெரியாது" என்றாள்.

அவன் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "நீங்கதானே டீச்சர் பண்ணினீங்க? உங்க கைதானே?"

"கை என்னுதுதான். நான் அங்க இருந்தேனான்னு தெரியலை."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த ஹூவுக்கு விளங்கியது. ஹூ இதே கல் சுரண்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் இருந்தால் மனைவி முட்டைகோஸ் நறுக்கச் சொல்கிறாள் என்று தினமும் இங்கே வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சூரியகாந்தி விதை கொறிப்பார். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாத மனுஷர். அவர் விதையைக் கீழே வைத்துவிட்டு ஷென் கேயை வராந்தாவுக்கு அழைத்துப்போய், அந்த இறக்கை எந்த மாதத்தில் செய்யப்பட்டது என்பதை மட்டும் சொன்னார்.

ஷூயாவின் புருஷன் கோங் தேஷுன் டவுன் பஸ் ஓட்டுநர். சீன வருஷத்தின் முதல் மாதத்தில் முடி வெட்டினால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது ஊர் வழக்கம். தேஷுனுக்கு இருந்தது ஒரே ஒரு தாய்மாமன், வயது எண்பத்தெட்டு, இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தையும் கிடையாது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று தேஷுன் மாதம் முழுக்கக் காது மறைய முடி வளர்த்துக்கொண்டு திரிந்தான். இரண்டாம் மாதம் இரண்டாம் நாள் ஊரே முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பும். அவனும் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்து நாற்காலியில் உட்கார்ந்தான். வலது பக்கம் முடிந்து கடைக்காரர் இடது பக்கத்துக்கு வந்தபோது தலை முன்னால் சாய்ந்தது. தூங்கிவிட்டான் என்று நினைத்து அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

ஷூயா போய்ச் சேர்ந்தபோது கடை காலியாகியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வாசலில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தேஷுன் வெள்ளைத் துணி போர்த்தியபடி நாற்காலியிலேயே இருந்தான். வலது பாதி ஒட்ட வெட்டியிருந்தது, இடது பாதி காதை மூடித் தொங்கியது. கடைக்காரர் மெஷினைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஒன்றுதான் கேட்டார்.

"அக்கா, மீதியையும் முடிச்சிரட்டுமா?"

முடித்துவிடுங்கள் என்றாள் ஷூயா. தலை நிற்கவில்லை. அவள் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்லுகிற மாதிரி எதுவும் நடந்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

சாவு வீட்டில் அழுவதற்கு ஆள் அமர்த்தியிருந்தார்கள். அந்த அம்மாள் மைக்கைப் பிடித்து அழுத அழுகையில் பக்கத்துத் தெருக்காரர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். தாய்மாமன் வந்து மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஷூயாவுக்கு அழுகை வரவில்லை. ஐந்தாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். ஷென்யாங்கில் நர்ஸாக இருக்கிற மகள் நிங் லீவு முடிந்து ரயில் ஏறும்போது, "செத்தது யாரோ பஸ்ல வந்த பயணின்னு நெனச்சியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். அங்கே குளிரா, இங்கே குளிர், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதோடு சரி.

அந்த ஐந்தாம் நாளிலிருந்து எட்டு வாரம் ஷூயா உட்கார்ந்து செய்ததுதான் இந்த இடது இறக்கை. அந்த எட்டு வாரத்தில் அவள் சாப்பிட்டிருப்பாள், தூங்கியிருப்பாள், அடுப்பை அணைத்திருப்பாள், வீடு எரியவில்லையே. ஆனால் ஒன்றும் நினைவில் இல்லை. வேலைக் குறிப்பேட்டைப் புரட்டினாள். மற்ற மாதங்களில் எந்த மூலையில் எவ்வளவு, எந்த ஊசி, எங்கே பசை என்று பொடி எழுத்தில் நிரம்பியிருந்தது. அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் தேதியைப் போட்டு 'இடது இறக்கை, வேலை' என்று மட்டும் இருந்தது. கையெழுத்து மட்டும் எப்போதும்போல அழகாக இருந்தது.

மூவருமாகக் கல்லைப் பலகையோடு எடுத்துவந்து விளக்கைச் சாய்த்துவைத்துப் பார்த்தார்கள். நிஜமான இறகு கல்லில் கருப்பாகப் படிந்திருக்கும். ஊசி இழுத்த பள்ளம் வெளுத்திருக்கும். ஆனால் வேலை முடிந்ததும் இறக்கை முழுவதும் ஷூயாவே மெல்லிய பசை பூசியிருந்தாள், உதிராமல் இருக்க. பூசும்போது பக்கத்து இறகின் கரும்பொடி கரைந்து பள்ளத்துக்குள் இறங்கியிருந்தாலும் இறங்கியிருக்கும். ஏழு கோடுகளும் ஒரே கருப்பாக இருந்தன. இந்தக் கல்லோடு ஒட்டியிருந்த, இதே பதிவு உள்ள எதிர்ப்பாதி இருந்தால் அதில் பார்த்திருக்கலாம். அது தோண்டின விவசாயியின் முற்றத்தில் மழையில் நனைந்து மாவாகிப் போயிருந்தது.

"போட்டுத் தொலை ஷூயா" என்றார் ஹூ. "உன் கையில இதுவரைக்கும் ஒரு கோடு தப்பா விழுந்திருக்கா? உன்னை நம்பாம யாரை நம்பறது?"

ஷென் கே அதையே மரியாதையாகச் சொன்னான். புத்தாண்டு வசந்த விழாவோடு அவனுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறதாம். கட்டுரை வந்தால் நீட்டிப்பார்களாம், வராவிட்டால் ஊருக்குப் போய் மாமனாரின் டயர் கடையில் உட்கார வேண்டியதுதானாம். அதைச் சொல்லும்போது அவன் ஆரஞ்சுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷூயாவுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் வரவில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, ஒன்பது மாதமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

"மிச்ச வாய் இருக்கு" என்றாள்.

ஹூ நிமிர்ந்தார். மிச்ச வாய் என்பது அவர் வைத்த பெயர். சாப்பாட்டு மேசையில் பொதுத் தட்டில் இருக்கிற கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் மானக்கேடு. அதுபோல ஒவ்வொரு கல்லிலும் முக்கியமான ஓர் இடத்தில் தபால்தலை அளவுக்குக் கல்லைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக விடுவது. திறக்கிற அவசியம் இதுவரை ஒரு தடவையும் வந்ததில்லை. நினைவில்லாத அந்த எட்டு வாரத்திலும் ஷூயாவின் கை அதை விட்டிருந்தது. ஏழு கோடுகளும் இறக்கையின் விளிம்பை நோக்கிப் போகிற வழியில், சாம்பல் நிறக் கல் ஒரு துணுக்கு அப்படியே ஒட்டியிருந்தது. கோடுகள் அதன் ஓரம் வரைக்கும் வந்து அடியில் மறைந்தன, அல்லது அங்கேயே நின்றன. நிஜ இறகென்றால் கல்லுக்கு அடியிலும் தொடரும். ஊசித் தடமென்றால் தொடாத கல்லுக்கு அடியில் எப்படி இருக்கும்?

ஷென் கேயின் முகம் வெளிறியது. திறந்தால் அவன் பக்கம் ஜெயிக்கலாம், அல்லது ஒரேயடியாகப் போய்விடலாம். திறந்ததை மறுபடி மூடவும் முடியாது. அவன் நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். பிறகு திரும்பி வந்து, சரி டீச்சர், திறங்க என்றான்.

"நான் திறக்கக் கூடாது. சந்தேகமே என் கை மேலதான். ஹூ அண்ணே, நீங்க திறங்க."

"கடைசித் துண்டைத் தின்னவன்னு பேரு எனக்கா?" என்று முனகினார் ஹூ. ஆனால் அலமாரியிலிருந்து தன் பழைய ஊசிகளை எடுத்துச் சாணைக்கல்லில் தீட்ட ஆரம்பித்துவிட்டார்.

தபால்தலை அளவுக் கல்லுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஷென் கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினான். ஹூ இந்த இரண்டு நாளும் ஒரு விதைகூடக் கொறிக்கவில்லை, பேசவும் இல்லை. அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஷூயா அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு மீனைச் சுத்தம் செய்தாள். அந்த மீனுக்கு அவ்வளவு மரியாதை அதன் பிறவியிலேயே கிடைத்திருக்காது.

கோடுகள் பொய்யென்றால் இருபத்தாறு வருஷத்துப் பெயர் போய்விடும், அவள் செய்த அத்தனை பறவைகளையும் திரும்ப எடுத்துச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இது அவளுக்குத் தெரியும். ஆனால் மனசின் ஒரு மூலையில், அவை பொய்யாக இருந்தால் தேவலை என்றும் இருந்தது. ஒரு தப்பாவது நடந்திருந்தால், புருஷன் செத்த எட்டு வாரத்தில் ஒரு மனுஷி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்றாவது ஆகும். ஒரு பிசகும் இல்லாமல் வேலை நடந்திருந்தால், நிங் கேட்டதுதான் சரி.

இரண்டாம் நாள் மத்தியானம் ஷென் கே கழுதைக்கறி ரொட்டி வாங்கிவரப் போயிருந்தான். ஷூயா உறைந்த பேரிக்காய்களைப் பச்சைத்தண்ணீரில் போட்டு, அவை இளகக் காத்திருந்தாள்.

"ஷூயா" என்றார் ஹூ. "வந்து பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணை வைத்தாள். சாம்பல் கல் போயிருந்தது. அதற்கு அடியில், பசையே படாத பழுப்புத் தளத்தில், முதல் கோடு கருப்பாகத் தொடர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அப்புறம் வெறும் கல். வழவழவென்று, ஒன்றுமே பதியாத கல். அப்புறம் ஆறாவது, ஏழாவது. ஐந்தாவது கோடு மிச்ச வாயின் ஓரம் வரைக்கும் வந்து, கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிட்டது. ஏழிலும் அதுதான் நேரான கோடு, கோணல் இல்லாத கோடு.

ஹூ ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆறு இருக்கு. ஒண்ணு மட்டும்தான். பையன் வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும், ரொட்டிக் கடையில கூட்டம். கோடு அது வரைக்கும் வந்து நிக்குது. ரெண்டே இழுப்பு, கொஞ்சம் பொடி, யாருக்கும் தெரியாது." ஊசியைத் துடைத்தார். "மீதியையும் முடிச்சிரட்டுமா?"

ஷூயா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு நினைவு வந்தது. எந்தத் தேதி என்று இல்லை, ஆனால் அந்த இடம் நினைவு வந்தது. நான்காவது கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு காலியிடம். ஒரு பக்கம் ஒழுங்காக வரிசை, மறுபக்கம் ஒழுங்காக வரிசை, நடுவில் அரைகுறையாக விட்டதுபோல ஓர் இடம். அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இப்படி விட்டுவிட்டு எப்படி அனுப்புவது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தாள். பிறகு ஊசியை எடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். இழுத்துவிட்டுப் பொடியைத் தூரிகையால் தட்டினாள், முடி வெட்டின பிறகு பிடரியில் தட்டுவார்களே, அப்படி.

உள்ளங்கைகளில் அந்தத் தலையின் கனம் வந்து உட்கார்ந்தது. அது இன்னும் சூடாக இருந்ததும், ஒட்ட வெட்டின பக்கம் குத்தினதும், மறுபக்கம் மெத்தென்று இருந்ததும். ஷூயாவுக்கு வலித்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, எங்கே என்று கை வைத்துக் காட்டுகிற மாதிரி வலித்தது.

"வேண்டாம்ண்ணே" என்றாள். "ஒரு தடவை முடிச்சது போதும்."

ஹூ ஊசியை வைத்துவிட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, ஒரு பேரிக்காயைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மேலே மூடியிருந்த பனிக்கட்டி ஓட்டைத் தட்டி உடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தின்னாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷென் கே ரொட்டியோடு வந்தான். அவனையும் பார்க்கச் சொன்னார்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷூயா காகிதத்தில் இருந்த வாசகத்தை அடித்துவிட்டுத் தன் கையால் எழுதினாள். 'ஆறு கோடுகள் இயற்கையானவை. ஐந்தாவது கோடு என் ஊசியால் விழுந்தது. அந்த இடத்தில் எதுவும் இருக்கவில்லை.' கீழே பெயரை எழுதி, பென்சில் குறிக்கு மேலேயே தன் பெயர் முத்திரையைக் குத்தினாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ரொட்டிப் பொட்டலத்தை மேசைமேல் போட்டான். "ஒண்ணு பொய்யின்னு நாமளே எழுதிக் குடுத்தா, மத்த ஆறை யாரு நம்புவா?"

"ஒண்ணு பொய்யின்னு அவளே சொல்றாளே, அதனாலதான் ஆறை நம்புவான்" என்றார் ஹூ. "ரொட்டி ஆறுது, சாப்பிடு."

ஷென் கே சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சும்மா இருக்க முடியாமல், அளவுகோலை எடுத்து ஆறு கோடுகளுக்கும் இடைவெளி அளந்தான். ஐந்தாவது கோடு நட்டநடுவில் விழாமல் ஆறாவதை ஒட்டி விழுந்திருந்தது, அதை எடுத்துவிட்டால் நெருக்கடி தீர்ந்துவிட்டது. எல்லா இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் மட்டும் சரியாக இரண்டு மடங்கு. அவன் இரண்டு தடவை அளந்தான். அப்புறம் யாரையும் பார்க்காமல், அங்கே ஓர் இறகு இருந்திருக்க வேண்டும், பறவை சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அது உதிர்ந்திருக்க வேண்டும், புதுசு முளைப்பதற்குள் பறவை செத்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னான். பரிசீலிப்பவர் அதை ஒப்புக்கொள்வாரா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் குரலில் கோபம் குறைந்திருந்தது. அந்தக் கோட்டை எடுத்துவிட முடியுமா என்று கேட்டான்.

பள்ளத்தை நிரப்பலாம், பள்ளமே விழாதது போலச் செய்ய முடியாது என்றாள் ஷூயா. அவள் வெள்ளை மையில் ஊசியைத் தொட்டு, ஐந்தாவது கோட்டின் தலையில் ஒரு புள்ளியும் காலில் ஒரு புள்ளியும் வைத்தாள். பிற்காலத்தில் யார் பார்த்தாலும் இது பறவையுடையது இல்லை என்று தெரிந்துகொள்வார்கள். குறிப்பேட்டில் அன்றைய தேதி போட்டு அதையும் எழுதினாள். பொடி எழுத்தில் அரைப் பக்கம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மகளுக்குப் போன் செய்தாள்.

"என்னம்மா?" நிங்கின் குரல் பதறியது. "இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே. உடம்புக்கு எதும் ஆயிருச்சா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உங்கப்பா போனப்ப முடி பாதிதான் வெட்டியிருந்துச்சு. உன்கிட்ட சொல்லலை. மீதியை அப்புறமாத்தான் வெட்டினாங்க."

மறுமுனையில் ஆஸ்பத்திரி வராந்தாச் சத்தம் கேட்டது. யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். நிங் நகர்ந்து ஒரு கதவைச் சாத்திக்கொண்டாள்.

"தெரியும்மா" என்றாள். "குளிப்பாட்டறப்ப பார்த்தேன். இடது காதுக்குப் பின்னாடி மெஷின் பட்டு ஒரு கீறல். ரத்தமே வரலை. உயிரோட இருக்கறவங்களுக்குக் கீறினா அப்படி இருக்காது. யாரு வெட்டச் சொன்னதுன்னுதான் தெரியலை. உன்கிட்ட கேக்கவும் முடியலை."

"நான்தான் சொன்னேன்."

"தலை நிக்காதேம்மா. யாரு புடிச்சுக்கிட்டா?"

"நான்தான்."

நிங் அழுகிற சத்தம் கேட்டது. ஷூயா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் புடிச்சுக்கிட்டு நின்ன?"

"முடியற வரைக்கும்" என்றாள் ஷூயா.